எங்கள் லோரோங்கின் கடல் நிலவரம்

பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களிலேயே, லண்டனை ஒரு தடவைகூடப் பார்க்காமல், லண்டன் ரேடியோவை ஒரு நிமிஷம்கூடக் கேட்காமல், அந்த ரேடியோவைத் தினமும் நடத்திக் காட்டிய மனிதர் கப்பல் அண்ணன் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் எழுதிப் போடுங்கள். இருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் அவர்கள் தெருவிலும் என்னைப்போல ஒருவன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். மருந்துக்கடை வரிசையில் எங்கேயாவது சந்தித்திருப்போம்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் லோரோங், அதாவது எங்கள் சந்து, இருக்கிறது. இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று என்று இருபத்திரண்டு வீடுகள். எஸ்டேட்டை விற்றபோது லயத்து வீடுகளைக் காலிசெய்துகொண்டு வந்தவர்கள்தான் முக்கால்வாசி. கப்பல் அண்ணனும் அப்படி வந்தவரே. அப்போதே வயது அறுபதுக்கு மேல். ஒல்லி உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். போனில் மட்டும் பேசியவர்கள் நேரில் பார்க்கும்போது ஒரு தொந்தியைத் தேடுவார்கள்.

தொழில், கல்யாணம் காதுகுத்துக்குக் கூடாரமும் நாற்காலியும் மைக் செட்டும் வாடகைக்கு விடுவது. வாடகைக்குப் போகாத நாள்களில் மைக் செட் அவர் வீட்டு முன்வாசலில் இருக்கும். கூரை விளிம்பில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் லோரோங் முழுவதையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஊரில் நிறையக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று எங்கள் லோரோங்வாசிகள் அளவுக்கு வேறு யாரும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கல்யாணம் இருந்தால் செட் வெளியே போகும். இல்லையென்றால் லண்டன் ரேடியோ.

இந்தக் கிறுக்கு எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா, எஸ்டேட் வெள்ளைக்கார துரையின் பங்களாவில் குசினிக்காரராக இருந்தவர். கடைசி துரை ஊருக்குப் போனபிறகு பங்களாவைச் சுத்தம் செய்தபோது, கரண்டி வைக்கும் டிராயரின் அடியில் விரித்திருந்த தாளை எடுத்துக்கொண்டு வந்தார். லண்டன் ரேடியோவில் ஒரு நாளைக்கு என்னென்ன நிகழ்ச்சி என்று போட்டிருந்த தாள். காலைச் செய்தியில் இருந்து இரவு வணக்கம்வரை எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. மேல்மூலையைப் பூச்சி தின்றுவிட்டதால் தேதியும் இல்லை, வருஷமும் இல்லை. புதன்கிழமை என்பது மட்டும் மிச்சம்.

நான் பாரம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். அவர் ஆறாம் வகுப்போடு விட்டவர். இருந்தாலும் எங்கள் இருவரில் இங்கிலீஷ் அவருக்குத்தான் அதிகம். அந்த ஒரு தாள் அளவுக்கு அதிகம். அந்தத் தாளை வைத்தே எழுத்துக் கூட்டி, அகராதி பார்த்து, ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்திருக்கிறார். படிக்கப் பத்து வருஷம் ஆனதாம்.

"பாரு தம்பி," என்று ஒரு நாள் என்னை உட்காரவைத்துக் காட்டினார். "ஒரே நாள்ல எத்தன பேரக் கவனிச்சிருக்கான். விவசாயிக்கு ஒண்ணு. சமைக்கிற பொம்பளைக்கு ஒண்ணு. ஃபேக்டரில நிக்கிறவனுக்குப் பாட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பாடம். நடுக்கடல்ல இருக்கிற கப்பல்காரனுக்குக் காத்து எப்படி அடிக்குதுன்னு. ஒருத்தனையும் விடல லா. நம்ம லோரோங்க எடுத்துக்க. யாரு யாரக் கவனிக்கிறோம்?"

"நீங்க எங்களக் கவனிக்கிறீங்களேண்ணே," என்றேன். நான் கிண்டலாகச் சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

சிக்கல் என்னவென்றால், தாளில் நிகழ்ச்சியின் தலைப்பும் நேரமும்தான் இருந்தன. உள்ளே என்ன பேசினார்கள் என்று இல்லை. அதைக் கப்பல் அண்ணன் தாமே தயாரித்துக்கொண்டார்.

உதாரணத்துக்கு, காலை பத்தே கால் மணிக்குக் குடும்பத் தலைவிகளுக்கான பேச்சு. தலைப்பு, "ஆறிப்போன ஆட்டிறைச்சியை என்ன செய்யலாம்?" பத்து நிமிஷ நிகழ்ச்சி. கப்பல் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார். "எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி ஆறியது கிடையாது. ஆறுவதற்கு முன் முடிந்துவிடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நம்புகிறோம். நன்றி." மீதி ஒன்பதரை நிமிஷம் ஸ்பீக்கர் கொர்ரென்று இருக்கும். அந்த நேரத்தை வேறு நிகழ்ச்சிக்குத் தர மாட்டார். தாளில் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான்.

காலை ஆறரைக்கு உடற்பயிற்சி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொப்பி குடித்துக்கொண்டே, "கையைத் தூக்குங்கள். இறக்குங்கள். தூக்குங்கள்" என்பார். இதை நம்பி வாசலுக்கு வந்து செய்கிற பெண்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒரு நாள் "தூக்குங்கள்" என்று சொன்ன கையோடு அவருக்குப் போன் வந்தது. யாருக்கோ எழுபதாம் கல்யாணம், எண்பது நாற்காலி வேண்டுமாம். அவர் மறந்தே போய்விட்டார். நான் வேலைக்குப் போக என் வேனை எடுக்க வெளியே வருகிறேன், லோரோங்கின் இரண்டு பக்கமும் பத்துப் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கொள்ளைக்காரன் யாரோ துப்பாக்கியோடு வந்துவிட்டான் என்று நானும் கையைத் தூக்கிவிட்டேன். பதினான்காம் நம்பர் பூங்காவனம் அக்காதான் கத்தினார்: "யோவ் கப்பலு! எறக்கச் சொல்லுய்யா, அடுப்புல பால் இருக்கு!"

அப்புறம் அந்தப் புதன்கிழமை. தாளில் புதன் என்று இருந்ததால், அவர் தினமும் காலையில், "நேயர்களே, இன்று புதன்கிழமை" என்றுதான் தொடங்குவார். எங்கள் லோரோங்கில் வாரத்துக்கு ஏழு புதன். பன்னிரண்டாம் நம்பர் நாகப்பன் ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவன். என்ன கிழமை என்று அவனுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை விரதம் மட்டும் விடமாட்டான். ஒரு நாள் எழுந்ததும் ஸ்பீக்கரில் புதன் என்று கேட்டுவிட்டு, திருப்தியாகக் கோழிப் பிரட்டல் சாப்பிட்டுவிட்டு வந்தான். மத்தியானம்தான் உண்மை தெரிந்தது.

"அண்ணே! இன்னைக்கு வெள்ளிக்கிழமையா இருக்கு! நீங்க புதன்னு சொல்லி நான் கோழி தின்னுட்டேன்!"

கப்பல் அண்ணன் அசரவில்லை. தாளை எடுத்து நீட்டினார். "என்ன போட்டிருக்கு? படி."

"புதன்."

"அப்ப நீ தின்னது புதன்ல. சாமி கேட்டா இந்தத் தாளக் காட்டலாம். நான் தாரேன்."

ஒரு தடவை, பொறுக்க முடியாமல், நானே அதிகாரிகளுக்குப் போன் செய்து சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தேன். பெயர் சொல்லவில்லை. குரலை மாற்றிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். போனை வைத்ததும் பயம் வந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டால்? கோர்ட்டுக்குக் கூப்பிட்டால்? மறுநாள் காலை ஸ்பீக்கர் சொல்லியது: "நமது நிலையத்தைப் பற்றி ஒரு நேயர் புகார் கொடுத்திருக்கிறார். நமக்கு ஒரு நேயர் இருக்கிறார் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. அவருக்கு ஜலதோஷம் சீக்கிரம் குணமாகட்டும்."

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது கடல் நிலவரம்.

தாளில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை என்று ஒன்று இருந்தது. லண்டன்காரன் தன் நாட்டைச் சுற்றியுள்ள கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதியில் இப்படிக் காற்று, அந்தப் பகுதியில் இப்படி அலை என்று வரிசையாகச் சொல்வானாம். ஈப்போவில் கடல் ஏது? நம்மைச் சுற்றி மலைதான் இருக்கிறது. கப்பல் அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, லோரோங்கையே கடலாக்கினார். ஒவ்வொரு வீடும் ஒரு பகுதி. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, பதினொன்றரைக்கு ஒரு தடவை. அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான்.

"நம்பர் மூன்று: அமைதி. பேரப்பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். நம்பர் ஏழு: மேற்கிலிருந்து பலத்த காற்று. வீட்டுக்காரர் சோபாவில் படுத்திருக்கிறார். மாலைக்குள் தணியலாம். நம்பர் பதினான்கு: மருமகள் வருகை. சிறு படகுகள் கரையிலேயே இருக்கவும்."

ஏழாம் நம்பர் அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். "எங்க வீட்டுல யாரு எங்க படுத்தா ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரோட்டுல இருந்தே தெரியுதே அக்கா. கர்ட்டன் போடுங்க."

அவர் யார் வீட்டிலும் எட்டிப் பார்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். விடிவதற்கு முன் கொப்பியோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார், அவ்வளவுதான். சட்டி வைக்கிற சத்தம், கேட்டைச் சாத்துகிற வேகம், மோட்டார் சைக்கிளை உதைக்கிற எண்ணிக்கை இவையெல்லாம் அவருக்குக் காற்றும் அலையும். திட்டிக்கொண்டே லோரோங் முழுக்க இதைக் கேட்டது. ஏணி இரவல் கேட்கப் போகிறவர்கள் நிலவரம் கேட்காமல் போக மாட்டார்கள்.

என் வீடு நம்பர் ஒன்பது. என் மகள் மலருக்கு அப்போது இருபத்தேழு வயது. கிளினிக்கில் வேலை. கோபம் வந்தால் என் மனைவி சரசுவைக் கொண்டவள், பிடிவாதத்தில் சரசுவின் அம்மாவைக் கொண்டவள். என்னிடமிருந்து அவளுக்கு ஒன்றும் போகவில்லை. சிம்பாங் பூலாயில் இருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் பார்க்க வந்தது. கேசரி எடுத்து வைத்தோம். அந்தப் பையனின் அம்மா, "பொண்ணு ரொம்ப சாது போல" என்று சொல்லி வாயை மூடவில்லை, மணி பதினொன்றரை.

"நம்பர் ஒன்பது: வெளியே வெயில், உள்ளே புயல். காலையில் மகள் சேலை கட்ட மறுத்தார். இரண்டு தட்டுகள் உடைந்தன. அப்பா குளியலறையில் இருந்து இன்னும் கரைக்குத் திரும்பவில்லை."

சிம்பாங் பூலாய்க்காரர்கள் கேசரியைத் தொடாமல் போய்விட்டார்கள். மலர் சிரித்தாள், சரசு அழுதாள். நான் குளியலறைக்குத் திரும்பப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒருத்தரும் வரவில்லை. அடுத்ததாகக் கோப்பெங்கில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் டெக்னீஷியன். போட்டோவைப் பார்த்துவிட்டு மலரே, "சரி, வரச் சொல்லுங்க" என்று சொன்னாள். அவள் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. இதுவும் கெட்டால் அவள் இனி யாரையும் வரச் சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே கப்பல் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம பத்துல இருந்து பன்னெண்டு மட்டும் செட்ட அடைச்சிருங்க. கால்ல வேணும்னா விழுறேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "இந்த ஞாயிறா?"

"ஏண்ணே?"

"இத்தன வருஷத்துல இந்தத் தாள முழுசா ஒரே நாள்ல போட்டதே இல்ல தம்பி. எப்பவும் நடுவுல ஒரு கல்யாணம் வந்துரும். இந்த ஞாயிறு விடியல்ல இருந்து கடைசி வணக்கம்வரைக்கும் ஒண்ணு விடாம போட்டுருவோம்னு ரெண்டு புக்கிங்க வேணான்னுட்டேன். புதுச் சட்டகூட வாங்கிட்டேன்."

எடுத்துக் காட்டினார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் மகளைப் பெற்றவன். "அண்ணே, சிம்பாங் பூலாய் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவர் தாளை எடுத்தார். பிறகு மடித்து வைத்தார். "பத்துல இருந்து பன்னெண்டு. சரி. போ."

ஞாயிறு காலை நிகழ்ச்சிகள் ஒழுங்காக நடந்தன. பத்து மணிக்கு ஸ்பீக்கர் சொல்லியது: "இப்போது இரண்டு மணி நேர இடைவேளை. காரணத்தைச் சொல்லக்கூடாது என்று நம்பர் ஒன்பது கேட்டுக்கொண்டிருக்கிறது." டக்கென்று அடங்கியது.

பத்து நிமிஷத்தில் கோப்பெங் கார் வந்து நின்றது. அப்பா, அம்மா, பையன். உட்கார்ந்தார்கள். ஃபேனைப் போட்டேன். அதன் பிறகுதான் கவனித்தேன், லோரோங்கில் ஒரு சத்தமும் இல்லை. எத்தனையோ வருஷமாக ஸ்பீக்கருக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய ஜனங்கள், அது நின்றதும் பேசவே பயந்துகொண்டு கிசுகிசுத்தார்கள். என் வீட்டில் முறுக்குக் கடிக்கும் சத்தம் இடி மாதிரி கேட்டது.

"வழியில ஜாம் இல்லையே?" என்றேன்.

"இல்ல," என்றார் பையனின் அப்பா.

"வெயிலு ஜாஸ்தி."

"ம்."

அவ்வளவுதான். அந்த மனிதர் பேசுகிற ஜாதி இல்லை. பையனும் அப்பாவைப் பார்த்துத் தரையைப் பார்த்தான். அந்த அம்மா என் வீட்டுக் காலண்டரில் எல்லா மாதத்தையும் படித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பூங்காவனம் அக்கா கேட்டருகே வந்து நின்று கத்தினார்: "தம்பி! கப்பலு சத்தத்தக் காணோமே! ஆளு இருக்காரா, போய்ச் சேர்ந்துட்டாரா?"

கோப்பெங் அம்மா நெஞ்சில் கை வைத்தார். "யாரு போய்ச் சேர்ந்தாங்க?"

"யாரும் இல்லீங்க, யாரும் இல்ல," என்றேன். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சாவுப் பேச்சு. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மறுபடியும் அந்த அமைதி. அரை மணி நேரம். கடைசியில் அந்த அம்மா கணவரைப் பார்த்து மெல்ல, "போலாமா?" என்றார்.

சமையலறை வாசலில் மலரின் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் பயப்பட்டிருக்க மாட்டேன். அவள் வாட்டமாக இருந்தாள்.

"கலர் தண்ணி எடுத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தை விட்ட அன்றைக்கு.

கப்பல் அண்ணன் புதுச் சட்டையோடு, அணைத்து வைத்த மைக்குக்கு முன்னால், மடியில் தாளை வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போடுங்க!"

"பன்னெண்டு ஆவலையே."

"யாருமே பேச மாட்டேங்குறாங்கண்ணே! எந்திரிக்கப் போறாங்க! எதையாச்சும் போடுங்க!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "மணி பத்து அம்பது. தேனீ வளர்ப்பு பத்திப் பேச்சு. பரவாயில்லையா?"

"பேயி வளர்ப்பா இருந்தாலும் பரவாயில்ல!"

நான் கலர் பாட்டிலோடு வீட்டுக்குள் நுழையவும் ஸ்பீக்கர் கொர்ரென்று உயிர்பெற்றது. லோரோங் முழுவதும் அப்பாடா என்று மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"நேயர்களே, தேனீ வளர்ப்பு. தேனீ வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் ஒரு தேனீயைப் பிடிக்க வேண்டும். அது கொட்டும். கொட்டட்டும். பழகிவிடும். தேனீக்களுக்கு ஒரு ராணி உண்டு. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டு. எல்லாத் தேனீயும் வரிசையாக நிற்கும். கிராணித் தேனீ பெயர் கூப்பிடும். ராணி தொப்பி போட்டுக்கொண்டு வந்து பார்வையிடும். ஐம்பது தேனீக்கு ஒரு கங்காணித் தேனீ. தாமதமாக வந்த தேனீக்கு மலைச்சரிவில் இருக்கிற பூவைக் கொடுப்பார்கள்."

எஸ்டேட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டை, மனிதர் அப்படியே தேன்கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த உலகத்தில், ஒரு கூட்டம் சேர்ந்து வேலை செய்தால் அதற்கு ஒரு துரையும் ஒரு கங்காணியும் இருந்தாக வேண்டும்.

கோப்பெங் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு இது?"

"பக்கத்து ஆளுங்க. கொஞ்சம் ஒரு மாதிரி..."

"ராணி பெரட்டுக்கு வராதுலா!" அவருடைய குரல் அப்போதுதான் முதல்முறையாக முழுசாகக் கேட்டது. "ராணி கூட்ட விட்டு வெளிய போவாது!"

ஸ்பீக்கர் தொடர்ந்தது: "பெரட்டு முடிந்ததும் ராணி ஜீப்பில் ஏறி..."

அவர் எழுந்துவிட்டார். செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்துகொண்டு, ஸ்பீக்கர் இருந்த திசையில் நடந்தார். அலாமாக், சம்பந்தம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அவர் நேராகப் போய்க் கப்பல் அண்ணனுக்கு எதிரே நின்றார்.

"யோவ், தேனீயப் பாத்திருக்கியா நீ?"

கப்பல் அண்ணன் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். மைக்கை இருவருக்கும் நடுவில் வைத்தார். "நேயர்களே, நமது நிலையத்துக்கு ஒரு விருந்தினர் வந்திருக்கிறார். ஐயா எந்த ஊரு?"

"கோப்பெங். வீட்டுக்குப் பின்னால பன்னெண்டு கட்டை கெலுலுட் வச்சிருக்கேன்."

"கொட்டுமா?"

"கெலுலுட் கொட்டாது. சின்னத் தேனீ."

"கொட்டாதது எல்லாம் தேனீயா?"

"தேன் குடுக்குது இல்ல?"

"லண்டன்ல கொட்டும்."

"நீ பாத்தியா?"

"தாள்ல இருக்கு."

"தாள்ல என்ன இருக்கு? காட்டு." வாங்கிப் பார்த்தார். "தேனீ வளர்ப்பு, பதினஞ்சு நிமிஷம். அவ்ளோதானய்யா இருக்கு!"

"அவ்ளோதான். மிச்சத்த நாமதான் பேசணும்."

கோப்பெங்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பேசினார். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர், மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். எந்த மரத்துக் கட்டையை எடுக்க வேண்டும், மழையில் எப்படி மூட வேண்டும், எந்தப் பூவுக்குத் தேன் புளிக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னார். லோரோங் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

"அப்ப கங்காணி கெடையாதா?" என்று கேட்டார் கப்பல் அண்ணன்.

"கெடையாது."

"பெறகு யாரு வெரட்டுறது?"

"யாரும் வெரட்ட வேணாம். அதுவா போவும், அதுவா வரும்."

"நல்ல எஸ்டேட்டா இருக்கே," என்றார் கப்பல் அண்ணன்.

கோப்பெங்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. "அடுத்தது என்ன?" என்று ஆசையாகக் கேட்டார் கோப்பெங்காரர்.

"கடல் நிலவரம்."

நான் தலையை ஆட்டினேன். இரண்டு கையையும் கூப்பினேன். கப்பல் அண்ணன் என்னைப் பார்த்தார், ஆனால் தாளில் இருக்கிறதே, விட முடியுமா? நம்பர் ஒன்றில் தொடங்கினார். அமைதி. நம்பர் இரண்டு, மிதமான காற்று. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. என் இதயம் அடிப்பது மைக்கில் விழுந்திருக்கும்.

எட்டு முடிந்ததும் நிறுத்தினார். மைக்கை எடுத்துக்கொண்டு, ஒயர் எட்டும் வரைக்கும் ரோட்டுக்கு நடந்துபோய், என் வீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாசலில் மலரும் அந்தப் பையனும் நின்றார்கள். அவன் ஸ்பீக்கரைக் காட்டி என்னவோ சொன்னான். "அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை" என்றானாம், மலர் பிறகு என்னிடம் சொன்னாள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே, இரண்டு அம்மாக்களும் கேசரித் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் ஒன்பது," என்றார் கப்பல் அண்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தெளிவு. காற்று சாதகம். கப்பல் கிளம்பலாம்."

லோரோங்கே கை தட்டியது. பூங்காவனம் அக்கா ஒருவர் மட்டும், "பத்துக்கு மேல சொல்லுய்யா, என் வீடு இன்னும் வரல," என்றார்.

அன்றைக்கு முழு நாளும் போட வேண்டும் என்ற அவருடைய ஆசை பாழானது. நடுவில் அம்பது நிமிஷ ஓட்டை. சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அண்ணே, இன்னொரு ஞாயிறு முழுசாப் போடலாம். நானே கூட இருக்கேன்."

"வேணாம் தம்பி. தேனீக்குப் பதினஞ்சு நிமிஷம்தான் போட்டிருந்தான். நாம நாப்பது நிமிஷம் போட்டோம். லண்டன்காரனால முடியாதத நாம செஞ்சாச்சு, போதும்," என்றார். அதற்குப் பிறகு அவர் முழு நாளை முயற்சி செய்யவே இல்லை.

மூன்று மாதத்தில் கல்யாணம் முடிந்து மலர் கோப்பெங்குக்குப் போனாள். வேனில் அரை மணி நேர தூரம். எனக்கோ அவள் வேறு கண்டத்துக்குப் போனதுபோல இருந்தது. மறுநாள் விடியும் முன்பே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவும் பயம், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? தூங்கினாளோ, சாப்பிட்டாளோ, மாமியாரோடு முதல் நாளே முட்டிக்கொண்டாளோ என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு மணிக்கு நிலவரம் தொடங்கியது. இருபத்திரண்டாம் நம்பரோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை.

"கோப்பெங்: காற்று இல்லை. அலை இல்லை. எழுந்து தேத்தண்ணி கலக்கியாச்சு. சீனி கொஞ்சம் தூக்கல். மற்றபடி சுகம்."

கப்பல் அண்ணன் அஞ்சே முக்காலுக்கே அவளுக்குப் போன் செய்துவிட்டார். "கோப்பெங், நிலவரம் சொல்லு" என்றாராம். அவளும் அடக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அல்ல, அதற்குப் பிறகு தினமும். செட் கல்யாணத்துக்குப் போன நாள்களில், என் வீட்டு கேட்டருகே வந்து நின்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போவார். மலருக்குக் குழந்தை பிறந்த வாரம் கடலில் ஒரே கொந்தளிப்பு. ஒவ்வொரு மணிக்கும் அறிக்கை.

போன வருஷம் ஒரு காலையில் கடல் நிலவரமும் வரவில்லை, உடற்பயிற்சி நிகழ்ச்சியும் வரவில்லை. பெண்கள் வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். கொப்பி ஆறிப்போயிருந்தது.

இப்போது விடிந்ததும் நானேதான் கோப்பெங்குக்குப் போன் செய்கிறேன். "நல்லா இருக்கேன்பா, ஒண்ணும் இல்ல," என்கிறாள் மலர். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். பெற்ற மகளே சொன்னாலும் எனக்கு அரைகுறையாகத்தான் நம்பிக்கை வருகிறது. அவர் இருந்தவரைக்கும், அவர் சொன்னால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவேன்.